கோழிக்கூண்டில் ஒரு முயல்

கிருத்திகா வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. அத்தை மகன் மணிமாறனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாக, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அப்பா சென்னியப்பன் பேசி முடித்துவிட்டு வந்த அன்றைக்குப் பஸ் ஏறியவள். அந்தச் சம்பந்தப் பேச்சு அதோடு முறிந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சும் அதோடு நின்றது.

இப்போது சேலம் சூரமங்கலத்தில் லேடீஸ் ஹாஸ்டல். பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் பரீட்சை வகுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். அப்பாவைப் பார்க்க அல்ல. அம்மா பாவாயியைப் பார்க்கக்கூட அல்ல. ரவையைப் பார்க்க.

ரவை ஒரு வெள்ளை முயல். ஹாஸ்டலில் முயலுக்கு இடமில்லை. போகிற அன்று அதைத் தூக்கி அண்ணி மைதிலியின் கையில் கொடுத்துவிட்டு, "இவன் இருக்கற வரைக்கும்தான் அண்ணி இந்த ஊட்டுக்கு வருவேன். உங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்" என்று சொன்னாள் கிருத்திகா.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. நாலு மணி பஸ்ஸில் வருகிறாள்.

காலை ஏழு மணிக்கு, மைதிலி நீட்டிய கொத்தமல்லித் தழையை ரவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாமி, இங்க பாரு. ஒரு வாய்."

கூண்டின் மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. நேற்று ராத்திரி போட்ட அருகம்புல்லும் அப்படியே கிடந்தது. அடியில் இருந்த தட்டைப் பார்த்தாள். புழுக்கை இல்லை.

தூக்கி மடியில் மல்லாத்திப் போட்டு, கால் கட்டைப் பிரித்தாள். இரண்டு பின்னங்கால்களிலும் குதிப்பக்கம் முடியே இல்லை. பத்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து, நடுவில் மஞ்சளாக நீர் கோர்த்திருந்தது. கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கியிருந்தன.

எட்டு நாளைக்கு முன்னால் இது வெறும் சிவப்பு.

மைதிலி எதையும் ஏனோதானோவென்று செய்கிறவள் அல்ல. பத்து பேருக்குச் சோறாக்கினாலும் அரிசியை அளந்து போட்டுவிட்டு, சரியாகத்தான் அளந்தோமா என்று மறுபடி ஒரு தடவை அளப்பவள். இந்த எட்டு நாளும் அப்படித்தான் நடந்தது. காலை ஆறரைக்கு வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை முக்கி எடுத்தாள். பத்து மணிக்குச் சோற்றுக்கற்றாழை. பொழுது சாய்ந்ததும் மாமியார் அரைத்துக் கொடுக்கும் மருந்து: பூண்டு, மஞ்சள், வேப்பெண்ணெய்.

"மாட்டுக்குக் குளம்புப் புண்ணு வந்தா இதான் மருந்து. மூணே நாள்ல காஞ்சு சுருங்கீரும்" என்றிருந்தாள் பாவாயி.

மூன்று நாளில் காயவில்லை. போட்ட மருந்தை ரவை நக்கி நக்கித் தீர்த்தது. நக்காமல் இருக்க, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். எதிலும் குறை வைத்ததாகத் தெரியவில்லை. அப்படியும் தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. உப்புக் கூடிவிட்டதோ? பூண்டு குறைந்துவிட்டதோ?

இந்த எட்டு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிருத்திகாவிடமிருந்து போன் வந்தது. "ரவை எப்படி இருக்கான் அண்ணி?"

இந்த எட்டு நாளும் மைதிலி ஒரே பதிலைத்தான் சொன்னாள். "அவனுக்கென்ன, நல்லாருக்கான்."

சொல்ல வைத்தது பாவாயி. "கால்ல புண்ணுன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுக்கே வந்து தூக்கீட்டுப் போயிருவா. அப்பறம் இந்த ஊட்டுப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்க மாட்டா. ஒரு வாரம் பொறு சாமி, ஆறிப்போயிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கணவன் தீனதயாளனிடம் யோசனை கேட்கலாமென்றால், அவன் ரிக் வண்டியோடு ஒடிசாவில் எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். போனில் இரைச்சல்தான் கேட்கும்.

"அத்தை, இது ஆறல. சாப்பாட்டையும் நிறுத்திருச்சு" என்றாள் மைதிலி இப்போது.

பாவாயி குனிந்து பார்த்தாள். முகம் வெளிறியது. ஆனால் வாய் விட்டுக்கொடுக்கவில்லை. "இன்னொருக்கா மருந்து அரைக்கட்டுமா?"

"வேண்டாங்கத்தை. நான் ராசிபுரம் போறேன். டாக்டர் பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பாங்களாம்."

"உங்க மாமனுக்கு என்னன்னு சொல்றது? புண்ணு விசயத்த அவருகிட்டயும் மறச்சுத்தான வெச்சிருக்கோம்."

"நெய் வாங்கப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"நாலு மணிக்குள்ள வந்துரு." பாவாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவ வரும்போது அது உசுரோட இருக்கோணும், மைதிலி. எனக்கு அது போதும்."

அந்த ஒரு வார்த்தையோடு, முட்டை அடுக்கும் அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து, ரவையை அதில் இறக்கி, ஓட்டை போட்டு மூடி, ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறினாள் மைதிலி.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "முட்டையா தாயி? ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல."

"ஒடையாதுங்க" என்றாள். சொன்ன பிறகு பெட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ராசிபுரத்தில் அந்தச் சின்ன கிளினிக்கில் ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு நாயும் முன்னால் இருந்தன. பதினொன்றரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நிகத் சேலத்துக்காரர். முப்பது வயது இருக்கும். ரவையைத் துண்டில் சுற்றி, பின்னங்காலை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"பூண்டு யார் போட்டது?"

மைதிலி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எத்தனை மணிக்கு எது, எத்தனை நாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உப்புத் தண்ணி தப்பில்லம்மா. முக்கி எடுத்தப்புறம் ஒத்தி, நல்லாக் காய வெச்சீங்களா?"

"இல்லைங்க. அப்படியே உட்டுட்டேன்."

"ஈரத்துல தோல் ஊறிடும், புண்ணு ஆறாது. பூண்டு முயலுக்கு ஆகவே ஆகாது. எட்டு நாளா நக்கி உள்ள போயிருக்கு. கட்டு வேற இறுக்கம். வலியும் சேந்துதான் சாப்பாட்டை நிறுத்திருக்கு." குரலில் கோபம் இல்லை. அதுதான் மைதிலிக்கு அதிகம் வலித்தது. "இதெல்லாம் அப்புறம் வந்தது. முதல்ல புண்ணு ஏன் வந்துச்சு? இது எது மேல நிக்குது?"

"எது மேலன்னா?"

"தரைம்மா. மண்ணா, சிமெண்டா, பலகையா?"

மைதிலி போனில் கூண்டின் படத்தைத் தேடிக் காட்டினாள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். அப்புறம் நிமிர்ந்தார்.

"இது முட்டைக்கோழி கூண்டாச்சே!"

"ஆமாங்க. எங்க மாமனார் பண்ணையில இருந்தது. அவரே வெட்டிப் பத்த வெச்சுச் செஞ்சாரு. புழுக்கையெல்லாம் கீழ விழுந்துரும், சுத்தமா இருக்கும்னு…"

"கோழி பாதத்துல செதில் இருக்கும், விரலால கம்பியப் புடிச்சுக்கும். முயலுக்கு அடியில மெத்தையே கிடையாது. முடிதான் அதுக்குச் செருப்பு. கம்பியில முடி உரிஞ்சா தோலுதான் தாங்கணும். அதோட இந்தக் கூண்டு சாய்வா இருக்கும், இல்ல?"

இருக்கும். முட்டை உருண்டு முன்னால் வரவேண்டும் என்று சாய்த்து வைத்த கம்பித்தரை. நாலு மாதமாக ரவை அந்தச் சரிவில் வழுக்காமல் இருக்கப் பின்னங்காலை ஊன்றி ஊன்றி உட்கார்ந்ததை மைதிலி தினமும் பார்த்தாள். ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். மருந்து போட்டுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே அதே கம்பிமேல் இறக்கிவிட்டாள்.

டாக்டர் புண்ணைக் கழுவி, பஞ்சால் ஒத்தி ஒத்தி உலர்த்தி, மெத்தென்ற கட்டு ஒன்றைத் தளர்வாகப் போட்டார். வலிக்கு ஓர் ஊசி, சீழுக்கு ஓர் ஊசி. தீனிக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைத்துப் புகட்டப் புல் பொடியும், ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றும் கொடுத்தார்.

"காஞ்ச தரை, மேல வைக்கோல், அதுக்கு மேல துணி. நனைஞ்சா உடனே மாத்தணும். கட்டு ரெண்டு வேளை. ஆறுறதுக்கு மாசக்கணக்காகும். ஆனா இன்னைக்குப் பயம் காலைப் பத்தி இல்ல. ஆறு மணிக்குள்ள தானா எதையாவது சாப்பிடணும். சாப்பிடலைன்னா யோசிக்காம நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி இரண்டரை. பெட்டியோடு கொல்லைப்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சென்னியப்பன் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். காலியான கூண்டைத் தேய்த்துக் கழுவி, கம்பிக்கு வெள்ளி பெயிண்ட் ஒரு கை அடித்து, பண்ணையில் கிடந்த தண்ணீர் நிப்பிளைக் குழாயோடு பொருத்திக்கொண்டிருந்தார். மகள் வருகிற நாளில் மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. மகள் அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"முசலு எங்க சாமி? ஊட்டுக்குள்ள வெச்சிருக்கியா?" என்றார் திரும்பாமலே. "இந்தா பாரு, மூக்கால முட்டுனா தண்ணி வரும். கிண்ணமே வேண்டாம். அம்மிணி பாத்தா…" முடிக்காமல் ஸ்பேனரைத் திருகினார்.

"முட்டுமாங்க மாமா?"

"கோழி முட்டுமுல்ல? அதுக்கு ரெட்ட மூள இருக்கும் முசலுக்கு. கொண்டா, உட்டுப் பாக்கலாம்."

மைதிலி பெட்டியை இறுகப் பிடித்தாள். பின்கட்டுக் கதவருகே பாவாயி நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல உட முடியாதுங்க மாமா."

"ஏன், பெயிண்டு காயலயா? காஞ்சிருச்சே."

"பெயிண்டு இல்லைங்க." பெட்டியைக் கீழே வைத்தாள். "கால்ல புண்ணுங்க. ரெண்டு கால்லயும். எட்டு நாளாச்சு. இன்னைக்கு ராசிபுரம் டாக்டருகிட்டத்தான் போயிட்டு வாரேன். நெய் வாங்கப் போகலைங்க. கம்பி அறுத்துத்தான் வந்திருக்குன்னாங்க. இந்தக் கம்பிதானுங்க."

பாவாயி ஓடிவந்தாள். "என்ன பேச்சு பேசற நீ! அவுரு நாலு மாசமா இது ஒண்ணத்தான பாத்துப் பாத்துச் செஞ்சாரு?"

சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பெட்டியின் மூடியை விலக்கிப் பார்த்தார். கட்டுப் போட்ட இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு கூண்டின் கதவைத் திறந்து, வலது உள்ளங்கையைக் கம்பித்தரைமேல் வைத்து, உடம்பின் பாரமெல்லாம் இறங்க ஊன்றினார். எடுத்துத் திருப்பினார். கையில் சதுரம் சதுரமாகக் கோடு விழுந்திருந்தது. அங்கங்கே வெள்ளிப் பெயிண்ட்.

"எட்டாயிரம் கோழி நின்னுச்சு சாமி இந்த மாதிரிக் கம்பியில" என்றார் மெதுவாக. "ஒண்ணாச்சும் ஒரு வார்த்த சொல்லுச்சா?"

எழுந்து போய்விட்டார்.

பாவாயி குரலைத் தாழ்த்தினாள். "இப்பக் கேட்டுக்க. அவ வந்து கேட்டா, நாய் தொரத்துச்சு, சிமெண்டுத் தரையில உரசிருச்சுன்னு சொல்லிப்போடலாம். நேத்துத்தான் ஆச்சுன்னு. என்ன?"

மைதிலி பெட்டியோடு உள்ளே போனாள். உள் அறையில் சாக்கை விரித்து, வைக்கோல் பரப்பி, மேலே துணி போட்டு ரவையை இறக்கினாள். சிரிஞ்சில் பொடி கரைத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். முக்கால்வாசி வெளியே வழிந்தது. மூன்றரை. கொத்தமல்லி வைத்தாள். திரும்பிக்கொண்டது. கேரட் சீவி வைத்தாள். தொடவில்லை.

நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

கிருத்திகா உள்ளே வரும்போது எப்போதும்போல வாசலிலேயே, "எங்கடா ரவப்பையா?" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வந்தாள். கூண்டைத் தாண்டிப் போகையில் நின்றாள். காலியாக மின்னும் கூண்டைப் பார்த்தாள். பிறகு நேராக அறைக்குள் வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன இது?"

கட்டைத் தளர்த்திப் பார்த்தாள். "யாரு பண்ணுனது?"

"நாயி தொரத்தி…" என்று பாவாயி ஆரம்பித்தாள்.

"நாந்தேன் அம்மிணி."

கதவோரம் சென்னியப்பன். நாலு மாதத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. "நாயுமில்ல ஒண்ணுமில்ல. என்ற கூண்டுதான் அறுத்துப்போட்டுது. கோழிக்குச் செஞ்சத முசலுக்குக் குடுத்துப்போட்டேன். உனக்குப் புடிக்கும்னு நெனச்சேன். கேக்காமப் பண்ணுனது தப்புத்தேன்."

கடைசி வாக்கியம் முயலைப் பற்றி மட்டும் இல்லை என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. கிருத்திகா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மைதிலி பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளா அண்ணி?"

மைதிலிக்குப் பாவாயியின் கண்கள் தன் முதுகில் பதிவது தெரிந்தது.

"எட்டு நாள்."

"எட்டு நாளா?" குரல் உயரவே இல்லை. "தெனமும் போன் பண்ணுனேனே. அந்த எட்டு நாளா?"

"சொன்னா நீ வராமப் போயிருவியோன்னு…"

"நேத்துக்கூடக் கேட்டேன். 'அவனுக்கென்ன'ன்னீங்க. சிரிச்சீங்க அண்ணி."

"நாந்தான் சொல்ல வேண்டாம்னேன் அம்மிணி, அவ மேல தப்பில்ல" என்றாள் பாவாயி.

"நீ அப்படித்தாம்மா சொல்லுவ. உன்னத் தெரியும் எனக்கு." கிருத்திகா மைதிலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவங்களத்தான் தெரியாமப் போச்சு."

மைதிலி டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆறு மணிக் கெடுவையும் சொன்னாள். சொல்ல வேறென்ன இருக்கிறது? கிருத்திகா சிரிஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது விரல் படாமல் வாங்கினாள்.

ஐந்து மணி. ஐந்தேகால். ஐந்தரைக்குச் சென்னியப்பன் வண்டிக்குப் போன் பண்ணி வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பாவாயி சமையலறையில் பாத்திரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கிருத்திகா ரவையின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, நெற்றியை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

ஐந்தே முக்காலுக்கு ரவை எழுந்தது. கட்டுக் காலைத் தயங்கித் தயங்கி வைத்து இரண்டடி நகர்ந்தது. கேரட்டை விட்டது. கொத்தமல்லியை விட்டது. படுக்கையில் துணிக்கு வெளியே நீட்டியிருந்த வைக்கோல் ஒன்றைக் கடித்து இழுத்தது. தாடை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"திங்கறானுங்க!" மைதிலி தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

பாவாயி கரண்டியோடு ஓடிவந்தாள். கிருத்திகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா… இன்னொரு சாக்கு இருந்தா எடுத்துட்டு வாங்க. இது நனைஞ்சிருச்சு."

சென்னியப்பன் வேகமாக வெளியே போனார். சாக்கைத் தேடி ஷெட்டில் அவர் எதையோ தட்டிவிட்டுக் கீழே போடும் சத்தம் கேட்டது.

ஒரு மாதம் கட்டு மாற்ற வேண்டும், இங்கேயே இருந்து வேலைக்குப் போய் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள் கிருத்திகா. பாவாயி சாமியறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். எல்லோரும் பயந்தது நடக்கவில்லை. பெண் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மைதிலி நனைந்த துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "காலைல ஆறரைக்குக் கட்டு மாத்தோணும் கிருத்தி. நான் புடிச்சுக்கறேன், நீ…"

"அம்மா புடிச்சுக்கும்."

"சரி."

கிருத்திகா தோள்பையை மடியில் வைத்து, ஜிப்பைப் பாதி திறந்தாள். உள்ளே ஒரு பழுப்பு உறை தெரிந்தது. மறுபடி மூடினாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லோணும்னு ஒரு விஷயத்தோடதான் அண்ணி இன்னைக்கு பஸ் ஏறுனேன்" என்றாள். "வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு வந்தேன். அண்ணன்கிட்டக்கூட நீங்கதான் பேசோணும்னு இருந்தேன்."

"சொல்லு சாமி. இப்பச் சொல்லு."

கிருத்திகா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லைங்க. அவனுக்கென்ன, எனக்கென்ன. எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்."

அவள் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், உள்தாழ்ப்பாள் போடும் சத்தம்.